ஜேஜு தேசிய அருங்காட்சியகம்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தென்கொரியாவின் ஜேஜு தீவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஹல்லாசான் மலை, கடற்கரை, எரிமலைக் குகைகள் என்று திட்டம் போட்டுவிட்டு, மழை பெய்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று அருங்காட்சியகத்தைக் கடைசியில் தள்ளிவிடுகிறார்கள். அந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். ஜேஜு தேசிய அருங்காட்சியகத்தை முதல் நாளிலேயே பாருங்கள். வயலைச் சுற்றிக் கறுப்பு எரிமலைக் கற்களை ஏன் அடுக்கியிருக்கிறார்கள், ஆற்றுப் படுகைகள் ஏன் காய்ந்து கிடக்கின்றன, பழைய ஊர்கள் ஏன் கரையோரமாகவே இருக்கின்றன என்பதெல்லாம் அங்கே புரிந்துவிடும். அதன் பிறகு தீவில் எங்கு போனாலும் கண்ணில் படுவது வெறும் காட்சியாக இருக்காது.

உள்ளே போவதற்கு முன் ஒரு விஷயத்தை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். ஜேஜு முழுக்க எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான தீவு. நடுவில் நிற்கும் ஹல்லாசானின் உயரம் 1,947 மீட்டர். அதைச் சுற்றி ‘ஓரும்’ என்று அழைக்கப்படும் சிறு எரிமலைக் குன்றுகள் 360க்கும் மேல் உண்டு. இந்தப் பாறையில் துளைகளும் வெடிப்புகளும் அதிகம் என்பதால் எவ்வளவு மழை பெய்தாலும் நீர் நேராகக் கீழே இறங்கிவிடும். ஆறுகளில் பெரும்பாலானவை மழைக்குப் பிறகு மட்டும் ஓடும். உள்ளே இறங்கிய நீர் கடலோரத்தில் ஊற்றாக வெளியே வரும், மக்களும் அந்த ஊற்றுகளைச் சுற்றியே குடியேறினார்கள். நீர் தேங்காத மண்ணில் நெல்வயல் அரிது. தினை, வாற்கோதுமை போன்ற புன்செய்ப் பயிர்கள்தான். இரும்புக்கும் வெளியூரைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

அதனால் எந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றாலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இதைச் செய்தவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? இந்தப் பொருள் எந்தக் கடலைத் தாண்டி வந்தது? விளக்கப் பலகையைப் படிக்காமலே பாதிப் பொருள்கள் இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடும்.

எந்த நாள், எத்தனை மணிக்கு

திங்கட்கிழமை விடுமுறை. புத்தாண்டு நாளிலும், கொரியர்களின் பெருநாள்களான சொல்லால், சூசொக் ஆகிய இரு நாள்களிலும் திறக்க மாட்டார்கள். மற்ற நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை திறந்திருக்கும். நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கண்காட்சி நடந்தால் அதற்கான நேரமும் விதியும் வேறாக இருக்கலாம். கிளம்புவதற்கு முந்தின நாள் அருங்காட்சியகத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். நேரத்தைப் பங்கிடுவதில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள். கற்காலக் கூடத்தில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, இங்கே மிகவும் சிறப்பான, கொரியாவின் ஜோசோன் அரசுக் காலப் பகுதியைப் பதினைந்து நிமிடத்தில் ஓடிக் கடக்கிறார்கள். கற்காலத்துக்கு 25 நிமிடம், தீவின் பழைய தம்னா அரசுக்கு 35, ஜோசோனுக்கு முந்தைய கோர்யோ அரசுக் காலத்துக்கு 15, ஜோசோன் காலத்துக்கு ஒரு முழு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும். பள்ளிக் குழந்தைகள் கூட்டமாக வரும் காலை வேளையைவிட மதியம் 2 மணிக்கு மேல் அமைதியாக இருக்கும்.

போய்ச் சேருவது

அருங்காட்சியகம் ஜேஜு நகரின் கிழக்குப் பகுதியில், கொனிப்-டோங்கில், சாராபொங் குன்றுக்கு அருகே இருக்கிறது. போகும் வழியில் மூன்று இடங்களில் சிக்கல் வரும்.

முதலாவது, வரைபடம். கூகுள் மேப்ஸ் கொரியாவில் மற்ற நாடுகளில் போல வழிகாட்டாது. நேவர் மேப் அல்லது ககாவோ மேப் செயலியைப் பயணத்துக்கு முன்பே தரவிறக்கிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் தேடினால் சில நேரம் வேறு இடம் வரும். அருங்காட்சியகத்தின் கொரியப் பெயரை இணையதளத்திலிருந்து நகலெடுத்துக் கைப்பேசியில் சேமித்துவைத்தால் தேடவும் உதவும், டாக்சி ஓட்டுநரிடம் காட்டவும் உதவும்.

இரண்டாவது, பெயர்க் குழப்பம். நகருக்குள்ளேயே 1984இல் திறந்த ஜேஜு நாட்டுப்புறவியல் மற்றும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் என்று இன்னொன்று இருக்கிறது. அதுவும் நல்ல இடம்தான், ஆனால் நீங்கள் தேடுவது அதுவல்ல. ‘ஜேஜு மியூசியம்’ என்று மட்டும் சொன்னால் எங்கே கொண்டுபோய் இறக்குவார்கள் என்று சொல்ல முடியாது. ‘குங்னிப்’ என்றால் தேசிய என்று பொருள். அந்தச் சொல் கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது, பேருந்து அட்டை. டி-மணி அட்டையை ஏறும்போது தொடுவது போலவே இறங்கும்போதும் தொட வேண்டும். இறங்கும்போது மறந்தால் அடுத்த பேருந்துக்கு மாறும் சலுகை கிடைக்காது.

ஜேஜுவில் காற்று எப்போதும் பலமாகவே வீசும், குடை நிற்காது. மழைக்காலத்தில் மழைக்கோட்டு எடுத்துப் போங்கள். பெரிய பையைப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை மூடி, கைப்பேசியில் ஃபிளாஷை அணைத்துவிட்டு உள்ளே போங்கள். ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்க மறுப்பு இல்லாத இடங்களே அதிகம். தடை உள்ள பெட்டிகளில் குறியீடு போட்டிருப்பார்கள்.

நடுக்கூடத்தில் ஐந்து நிமிடம்

நேராகக் காட்சிக்கூடத்துக்குள் போய்விடாதீர்கள். நடுக்கூடத்தில் நின்று தலையை நிமிர்த்திப் பாருங்கள். மேற்கூரையின் வண்ணக் கண்ணாடியில் ஹல்லாசானையும் தம்னா அரசு தோன்றிய கதையையும் சித்தரித்திருக்கிறார்கள். கதை இதுதான்: நிலத்தில் இருந்த மூன்று குழிகளிலிருந்து கோ, யாங், பு என்ற மூவர் வெளியே வந்தார்கள். வேட்டையாடி வாழ்ந்தார்கள். ஒருநாள் கடலில் ஒரு பெட்டி மிதந்து வந்தது. அதில் மூன்று இளவரசிகளும், கன்றுகளும் குதிரைக் குட்டிகளும், ஐந்து வகைத் தானிய விதைகளும் இருந்தன.

ஆண்கள் பூமிக்குள்ளிருந்து வருகிறார்கள். பெண்களும் விதையும் கால்நடையும் கடல் வழியே வருகின்றன. தீவின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அந்த மூன்று குழிகள் உள்ள இடமான சம்சொங்யொல் நகருக்குள் இன்றும் இருக்கிறது, அங்கே இன்றும் வழிபாடு நடக்கிறது.

கற்காலம்: பானையின் தழும்பைப் பாருங்கள்

பனியுகத்தில் கடல்மட்டம் இன்றைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தபோது ஜேஜு பெருநிலத்தோடு ஒட்டியிருந்தது. பில்லெமொட் எரிமலைக் குகையில் பழுப்புக் கரடியின் எலும்பு கிடைத்ததற்குக் காரணம் அதுதான். கடல் ஏறிய பிறகு தீவு தனித்து நின்றது. இந்த மாற்றத்தை முதல் பகுதியிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் மற்றவை எளிது.

இங்கே தவறவிடக் கூடாதது கோசான்-ரி பானை ஓடு. தீவின் மேற்குக் கரையில், 1987இல் ஒரு விவசாயி கண்டெடுத்த கற்கருவிகளால் வெளிச்சத்துக்கு வந்த இடம் அது. ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழைமை உடையது, கொரியாவிலேயே மிகப் பழைய மட்பாண்டங்களில் ஒன்று. பார்க்க அழகாக இருக்காது, அதனால் பலர் கடந்துவிடுகிறார்கள். பெட்டிக்குப் பக்கவாட்டில் நின்று மேற்பரப்பைக் கவனியுங்கள். புல்லைக் கிள்ளிப் போட்டதுபோல ஒழுங்கற்ற கோடுகளும் குழிகளும் தெரியும். களிமண் வெடிக்காமலிருக்கப் புல்லைக் கலந்து பிசைந்திருக்கிறார்கள். சுடும்போது புல் எரிந்துபோய் அதன் தடம் மட்டும் நின்றுவிட்டது. நேரே நின்று பார்த்தால் விளக்கின் பிரதிபலிப்பு இதை மறைத்துவிடும்.

பக்கத்தில் இருக்கும் சிறிய அம்புமுனைகளுக்கு அதிக நேரம் தேவையில்லை.

தம்னா: தனி அரசாக இருந்த தீவு

ஜேஜு கொரியாவின் ஒரு மாகாணமாகவே பிறந்தது என்று நினைத்துக்கொண்டு வருபவர்களுக்கு இந்தக் கூடம் புதிதாக இருக்கும். இங்கே தம்னா என்ற தனி அரசு இருந்தது. 476இல் கொரியப் பெருநிலத்தின் பெக்ஜே அரசுக்குத் திறை அனுப்பியது, 662இல் அங்கிருந்த சில்லா அரசுக்குக் கட்டுப்பட்டது, 1105இல் கோர்யோ அரசின் ஒரு நிர்வாகப் பகுதியாகித் தனி அரசு என்ற நிலையை இழந்தது. இந்த மூன்று ஆண்டுகளையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். விளக்கப் பலகைகள் அரசுகளின் பெயரை மட்டும் சொல்லி ஆண்டைச் சொல்லாமல் விடுவது உண்டு. கோர்யோ 918 முதல் 1392 வரை, ஜோசோன் 1392 முதல் 1910 வரை என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

சம்யாங்-டோங் கிராம மாதிரியில் தொடங்குங்கள். 200க்கும் மேற்பட்ட வட்டக் குடில்களின் தரைகள் கிடைத்த பெரிய குடியிருப்பு அது. இருக்கும் இடமோ கடலோரம், ஊற்றுகளுக்கு அருகில். முதல் கேள்விக்கான பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. குடிலின் நடுவில் நீள்வட்டக் குழி தெரியும். இதே அமைப்பு கொரியப் பெருநிலத்திலும் உண்டு. மனிதர்களோடு வீடு கட்டும் முறையும் கடல் தாண்டியிருக்கிறது.

அடுத்து சீனக் காசுகள். 1928இல் சாஞ்சி துறைமுகத்தில் அலைதடுப்புச் சுவர் கட்டும்போது ஹான் காலத்துக் காசுகளும் வெண்கலக் கண்ணாடிகளும் வெளிப்பட்டன. வட்டமாக, நடுவில் சதுரத் துளையோடு, துளையின் இருபுறமும் ஒவ்வோர் எழுத்து கொண்ட காசைத் தேடுங்கள். அதன் பெயர் ஹுவோச்சுவான். சீனாவில் ஹான் அரசைக் கவிழ்த்து வாங் மாங் என்பவர் 9 முதல் 23 வரை ஆண்டார். அவர் 14ஆம் ஆண்டு அளவில் வார்க்கத் தொடங்கிய காசு இது, புழக்கத்தில் இருந்த காலம் குறுகியது. இப்படிப்பட்ட காசு ஒன்று கிடைத்தால் ஆய்வாளருக்கு அதுவே காலக்கணக்கு. முதலாம் நூற்றாண்டிலேயே சீனக் காசு இந்தத் தீவின் துறைமுகத்தை எட்டியிருக்கிறது.

யொங்டாம்-டோங் கல்லறையில் கிடைத்த இரும்பு வாள்களையும் இதே கண்ணோடு பாருங்கள். ஒவ்வொரு வாளும் கப்பலில் வந்தது. மாற்றாக எதைக் கொடுத்திருப்பார்கள்? சிப்பி, தோல், உலர்ந்த கடல் உணவு. அவை மக்கிப்போகும், எனவே பெட்டிக்குள் இருக்காது. தம்னாவின் வரலாற்றில் பாதி இப்படிக் கண்ணுக்குத் தெரியாத பாதி.

கோர்யோ

இதைக் கொஞ்சம் வேகமாகக் கடக்கலாம். மங்கோலியரை எதிர்த்த சம்பியோல்சோ படை 1271இல் இங்கே வந்து ஹாங்பாதுரியில் மண்கோட்டை கட்டி, 1273இல் தோற்றது. அதற்குப் பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் மங்கோலியர் இங்கே குதிரை வளர்த்தார்கள். ‘மனிதன் பிறந்தால் சியோலுக்கு அனுப்பு, குதிரை பிறந்தால் ஜேஜுவுக்கு அனுப்பு’ என்ற கொரியப் பழமொழியின் வேர் இந்தக் குதிரை வளர்ப்புதான். சின்சாங்-ரி கடலடியில் கிடைத்த தெற்குச் சோங் காலத்துப் பச்சைப் பீங்கான்களின் முன் மட்டும் சற்று நில்லுங்கள். சீனாவிலிருந்து கடல் கடந்த சரக்கு அது.

ஜோசோன்: இங்கே உட்காருங்கள்

அருங்காட்சியகத்தின் உயிர் இந்தப் பகுதியில் இருக்கிறது. தம்னா சுன்யோக்தோ என்ற ஓவியத் தொகுப்புதான் அது. 1702இல் ஜேஜுவின் ஆளுநராக வந்த லீ ஹியோங்-சாங் தீவைச் சுற்றி ஆய்வுப் பயணம் போனார். அதை கிம் நாம்-கில் என்ற ஓவியர் 41 படங்களாகத் தீட்டினார். நிழற்படம் இல்லாத காலத்தில் ஒரு தீவின் கோட்டை, குதிரை, பழத்தோட்டம், விருந்து, பொதுமக்கள் எல்லாம் ஒரே தொகுப்பில் கிடைப்பது உலகில் அரிது.

மூலத்தாள் வெளிச்சத்தில் மங்கும் என்பதால் எல்லாப் பக்கங்களையும் ஒரே சமயத்தில் வைக்க முடியாது. பெரிதாக்கிய நகல்களும் திரைகளும் இருக்கும். பலகையில் ‘ரெப்ளிகா’ என்று இருந்தால் ஏமாற்றம் வேண்டாம். இந்தப் படங்களில் மனிதர்கள் விரல்நகம் அளவுதான், பெரிதாக்கிய நகலில்தான் அவர்களைப் பார்க்க முடியும்.

ஒவ்வொரு பக்கத்தையும் படிக்கும் முறை ஒன்றே. மேலே நான்கு சீன எழுத்துகளில் தலைப்பு, நடுவில் காட்சி, கீழே தேதி, கலந்துகொண்டவர்கள், எண்ணிக்கை. கைப்பேசியின் மொழிபெயர்ப்புக் கேமராவை இதன் மேல் பிடித்துப் பயனில்லை. அது இன்றைய அச்சுக் கொரிய எழுத்தைப் படிக்கும், தூரிகையால் எழுதிய சீன எழுத்தில் தடுமாறி ஏதோ ஒன்றைச் சொல்லும். பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள ஆங்கில விளக்கத்தையே நம்புங்கள்.

எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லை என்றால் நான்கு படங்கள் போதும்.

முதலில், ஹல்லா ஜாங்சொக் என்ற தீவின் வரைபடம். தலைகீழாக இருப்பதாகத் தோன்றும். தெற்கு மேலே, வடக்கு கீழே. தலைநகரிலிருந்து தெற்கு நோக்கிப் பார்க்கும் அரசனின் கண்ணில் தீவு இப்படித்தான் தெரியும். இந்தத் தொகுப்பு யாருடைய பார்வை என்பதை இந்த ஒரு தாளே சொல்லிவிடுகிறது. அடுத்த படங்களைப் பார்க்கும்போதும் இதை மறக்கக் கூடாது.

இரண்டாவது, ஆரஞ்சு வகைப் பழங்களைத் திறையாக அனுப்பும் காட்சி. பெண்கள் பழங்களைத் தரம் பிரிக்கிறார்கள், ஆண்கள் பெட்டி செய்கிறார்கள், ஆளுநர் அமர்ந்து பார்க்கிறார். அமைதியான படம். ஆனால் அதிகாரிகள் மரத்திலேயே காய்களை எண்ணிக் கணக்கு வைத்தார்கள் என்றும், குறைந்தால் உழவர் ஈடுகட்ட வேண்டியிருந்தது என்றும், தாங்க முடியாதவர்கள் வேரில் கொதிநீர் ஊற்றி மரத்தையே கொன்றார்கள் என்றும் தீவில் சொல்லப்படுகிறது. அந்தக் கொதிநீரை ஓவியர் வரையவில்லை.

மூன்றாவது, ப்யொங்தாம் பொம்ஜு. ஆளுநர் படகில் உல்லாசமாகப் போகிறார். படகை விட்டுக் கண்ணைக் கடல் பக்கம் நகர்த்துங்கள். நீரில் சில சிறு உருவங்கள் தெரியும். மூச்சடக்கி மூழ்கும் பெண்கள், இன்று ஹேன்யோ என்று உலகம் அறியும் பெண்களின் முன்னோர். அவர்களின் மரபை யுனெஸ்கோ 2016இல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இங்கே அவர்கள் படத்தின் ஓரத்தில் இருக்கிறார்கள். தேடாதவர்களுக்குத் தெரிவதில்லை.

நான்காவது, கொன்போ பெவுன். அதிகாரிகள் வடக்கு நோக்கி அரசனை வணங்குகிறார்கள். ஊர்ப் பக்கம் பாருங்கள், தீ எரிகிறது. ஊர்த் தெய்வங்களின் கோயில்களை ஆளுநர் கொளுத்தச் செய்தார். 129 கோயில்கள் எரிந்ததாகக் கணக்கு. ஆனால் வழிபாடு அழியவில்லை. காற்றுத் தெய்வமான யொங்துங்குக்கு இரண்டாம் சந்திர மாதத்தில் நடக்கும் சில்மொரிதாங் சடங்கு இன்றும் தொடர்கிறது, 2009இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. அது நடக்கும் இடம் இந்த அருங்காட்சியகத்தின் பக்கத்திலேயே, சாராபொங் குன்றருகில் இருக்கிறது.

ஜோசோன் கூடத்தின் மற்றப் பொருள்களை இரண்டு சொற்களால் கோத்துக்கொள்ளலாம்: உள்ளே வந்தவர்கள், வெளியே போக முடியாதவர்கள். அரசியலில் தோற்றவர்களை இங்கே நாடுகடத்தினார்கள். பதவி இழந்த அரசன் குவாங்ஹே 1641இல் இங்கேதான் இறந்தார். அறிஞர் கிம் ஜோங்-ஹுய் 1840 முதல் 1848 வரை இங்கே காவலில் இருந்து 1844இல் வரைந்த ‘செஹான்தோ’ ஓவியத்தின் மூலம் சியோலில் உள்ள கொரியத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை இங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1653இல் டச்சுக் கப்பல் ஒன்று கரையில் உடைந்து, 64 பேரில் 36 பேர் பிழைத்தார்கள். அவர்களில் ஒருவரான ஹெண்ட்ரிக் ஹாமெல் 13 ஆண்டுகளுக்குப் பின் தப்பி எழுதிய அறிக்கையால்தான் ஐரோப்பா கொரியாவைப் பற்றி விரிவாக அறிந்தது.

தீவுக்காரர்களுக்கோ 1629இலிருந்து ஏறத்தாழ 200 ஆண்டுகள் வெளியேறத் தடை. திறைச் சுமை தாங்காமல் ஓடியவர்களைத் தடுக்கப் போட்ட ஆணை அது. இந்தப் பின்னணியில் கிம் மான்-டொக்கின் கதையைப் படியுங்கள். வணிகம் செய்து பொருள் ஈட்டிய பெண். 1790களின் பஞ்சத்தில் தன் செல்வத்தால் அரிசி வாங்கி ஊருக்குக் கொடுத்தார். என்ன வேண்டும் என்று அரசன் கேட்டபோது பதவி கேட்கவில்லை. தலைநகரையும் கும்காங் மலையையும் பார்க்க வேண்டும் என்றார். கடல் தாண்ட அனுமதி இல்லாத தீவில் பிறந்த பெண் கேட்ட வரம் அது.

இங்கே கிடைக்காதவை

1947 முதல் 1954 வரை நடந்த ஜேஜு 4.3 (ஏப்ரல் 3) படுகொலைகளைப் பற்றி அறிய வருபவர்கள் இங்கே தேடிக் களைத்துப்போவார்கள். அதற்குத் தனியாக 4.3 அமைதிப் பூங்கா இருக்கிறது, அதற்கு அரை நாள் தேவை. அதைப் பார்த்த பின் வேறு இடத்துக்கு விரைய மனம் வராது, எனவே அந்த நாளை அதற்கே விடுங்கள். ஹேன்யோக்களின் மிதவையும் வலையும் உடையும் வேண்டுமென்றால் கிழக்குக் கரையில், ஹாதோ-ரியில் உள்ள ஹேன்யோ அருங்காட்சியகம். எரிமலைப் பாறைகளைப் பார்க்க, முன்பு சொன்ன நாட்டுப்புறவியல் மற்றும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். அங்கே ‘ஹொபொக்’ என்ற தண்ணீர்க் குடத்தைப் பாருங்கள். வாய் சிறுத்து வயிறு பெருத்திருக்கும். நம் ஊரில் இடுப்பிலோ தலையிலோ சுமக்கும் குடத்தை இங்கே கூடையில் வைத்து முதுகில் கட்டிக்கொண்டார்கள். கல் நிறைந்த பாதையில், பலத்த காற்றில், தலையில் வைத்தால் குடம் நிற்காது.

வெளியே வந்த பின்

அருங்காட்சியக வளாகத்தில் கற்பொருள்கள் திறந்த வெளியில் இருக்கின்றன. கல்லைக் கிட்டத்தில் பார்த்துத் துளைகளைக் கவனியுங்கள். முட்டைக் கண்களுடன் நிற்கும் டொல்ஹாருபாங் கற்சிலைகள் தீவெங்கும் கண்ணில் படும், பெரும்பாலானவை புதிதாகச் செய்தவை. பழைய மூன்று நகரங்களின் வாயில்களில் 18ஆம் நூற்றாண்டில் நிறுத்திய மூலச் சிலைகளைப் பார்க்க, 1448இல் கட்டிய குவாண்டொக்ஜொங் மண்டபத்துக்கும் சம்சொங்யொல் வாயிலுக்கும் போக வேண்டும். இரண்டும் நகருக்குள்ளேதான்.

மாலை 5 மணிக்கு வெளியே வந்தால் சாராபொங் மேல் ஏறலாம். 148 மீட்டர்தான், படிகள் உண்டு, அரை மணி நேரம் போதும். அடிவாரத்தில் உள்ள மொசுங்சா என்ற நினைவிடத்தில் கிம் மான்-டொக்கின் கல்லறை இருக்கிறது. உச்சியில் நின்றால் ஒருபுறம் ஹல்லாசான், மறுபுறம் ஜேஜு துறைமுகம். சாஞ்சி ஓடை கடலில் சேரும் இடமும் அந்தத் துறைமுகப் பக்கம்தான். அருங்காட்சியகத்தில் பெட்டிக்குள் பார்த்த காசுகள் கரையேறிய இடம் அது. குளிர்காலத்தில் மாலை 5.30 அளவிலேயே சூரியன் மறைந்துவிடும், அப்போது அருங்காட்சியகத்தை 4 மணிக்கே முடித்துக்கொண்டு ஏறுங்கள். மேலே காற்று கடுமையாக இருக்கும், தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.